கொன்ஜியாமும் குஷாய்குடாவும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை. தங்கமணி மதுரைக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் பையனும் மட்டும். ஏ.எஸ்.ராவ் நகரில் அன்றைக்குப் பார்த்து நல்ல மழை. மெயின் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர், வெளியே போய்ச் சாப்பிடும் திட்டம் அம்போ. பையன் இன்டர் இரண்டாம் வருஷம் (நம்மூர் பிளஸ் டூ). கூடப் படிக்கும் இரண்டு பையன்கள் வந்து, மழையில் மாட்டிக்கொண்டு, இங்கேயே படுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். மூன்று பேரும் விளக்கை அணைத்துவிட்டு ஒரு கொரியப் பேய்ப்படம் போட்டார்கள். "அப்பா, நீங்க பாக்க மாட்டீங்க, பயந்துடுவீங்க" என்றான். மானப் பிரச்னை ஆகிவிட்டதால் நானும் உட்கார்ந்தேன்.

படம் 'கொன்ஜியாம்: ஹான்டட் அசைலம்'. 2018-ல் வந்தது. இயக்குநர் ஜங் பம்-ஷிக். இப்படித்தான் உச்சரிக்கணுமா என்று கொரியர்கள்தான் சொல்லணும். கைவிடப்பட்ட மனநல மருத்துவமனைக்குள் ஏழு பேர் கேமராவோடு போகிறார்கள். யூடியூபில் நேரலை. பத்து லட்சம் பேர் பார்த்தால் பணம் கொட்டும். திறக்கவே முடியாத 402-ஆம் அறையைத் திறப்பதுதான் குறிக்கோள். கதை இவ்வளவுதான். இதை எழுதும்போதே "அடப் போங்கய்யா" என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் படம் பார்க்கும்போது அப்படித் தோன்றவில்லை. முதல் முக்கால் மணி நேரம் கிண்டலும் கேலியுமாகப் போகிறது. அதற்குள்ளேயே ஒரு திருட்டுத்தனம் வைத்திருக்கிறார்கள். குழுவில் சிலர் முன்னாலேயே பேசிவைத்துக்கொண்டு போலியாகப் பேய் காட்டுகிறார்கள். அந்தப் போலிக்குள் நிஜம் எப்போது நுழைந்தது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. பின்னணி இசை கிடையாது. நம்ம ஊர்ப் படமாக இருந்தால் கதவு திறப்பதற்குள் நாற்பது வயலின் இழுத்திருப்பார்கள். இங்கே மூச்சுச் சத்தம், செருப்புச் சத்தம், அவ்வளவுதான்.

கேமராவை நடிகர்கள் உடம்பிலேயே மாட்டிவிட்டு, படத்தில் பெரும்பகுதியை அவர்களையே எடுக்க வைத்திருக்கிறார்கள். ஒரு கேமரா எதிரே இருப்பதைப் பார்க்கிறது, இன்னொன்று மாட்டியிருப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டாவது கேமராதான் விஷயமே. பயந்தவன் முகம் திரை முழுக்க இருக்கும், அவன் எதைப் பார்த்துப் பயப்படுகிறான் என்பது நமக்குத் தெரியாது. அவன் தோளுக்குப் பின்னால் இருக்கும் இருட்டை நாமும் அவனைக் கேட்காமலே துழாவ ஆரம்பித்துவிடுகிறோம். ஒரு பெண் அசையாமல் நின்றுகொண்டு வாய்க்குள் வேகமாக முணுமுணுக்கும் இடம் வரும். அந்த நேரத்தில் நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். நிஜமாகவே தாகம்தான், நம்புங்கள் :-)

நடிகர்களில் பெரும்பாலானவர்களுக்குப் படத்திலும் சொந்தப் பெயர்தான். அப்போது அவர்களை யாருக்கும் பெரிதாகத் தெரியாது. கூடாரத்தில் உட்கார்ந்து எல்லாரையும் ஏவும் 'கேப்டன்' வீ ஹா-ஜுன், பிற்பாடு 2021-ல் 'ஸ்க்விட் கேம்' தொடரில் போலீஸாக வந்து உலகப் பிரபலம் ஆனார். இன்றைக்கு அந்த முகத்தை வைத்து இதே படத்தை எடுத்தால் பாதிப் பயம் போய்விடும். தெரிந்த முகம் சாகும்போது "சம்பளம் வாங்கிட்டுத்தானே சாகுறான்" என்று மனசின் ஒரு மூலை சொல்லிவிடும்.

படத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் இணையத்தில் நோண்டினேன். (பயத்தால் இல்லை!) கொன்ஜியாம் என்பது நிஜ ஊர். கியோங்கி மாகாணத்தில், சோல் நகரத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது. அங்கே நிஜமாகவே ஒரு மனநல மருத்துவமனை இருந்து, 1996-ல் மூடப்பட்டிருக்கிறது. 2012-ல் சிஎன்என் உலகத்தின் ஏழு திகில் இடங்களில் ஒன்றாக அதைச் சேர்த்தது. அதற்கப்புறம் கேட்கவேண்டுமா? வேலியைத் தாண்டிக் குதித்து உள்ளே போய் வீடியோ எடுப்பது இளவட்டங்களுக்கு வீர விளையாட்டாகிவிட்டது. நோயாளிகள் கூட்டமாகச் செத்தார்கள், பொறுப்பாளர் காணாமல் போனார் என்றெல்லாம் படம் சொல்கிறது. கொரியப் பத்திரிகைகள் சொல்லும் நிஜக் காரணம் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரச்னை. சாக்கடை! சாக்கடைக்காக மூடிய ஆஸ்பத்திரியைப் பற்றி யார் படம் எடுப்பார்கள்?

படம் வெளிவரும் நேரத்தில் அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர் கோர்ட்டுக்குப் போனார். இடத்தை விற்க முடியாது, பெயர் கெடுகிறது, தடை போடுங்கள் என்று கேட்டார். சோல் மத்திய மாவட்ட நீதிமன்றம் மார்ச் 2018-ல் மறுத்துவிட்டது. இது வதந்தியை வைத்து எடுத்த பேய்ப்படம், வெளிப்படையான கற்பனை, ஆவணப்படம் கிடையாது என்பது தீர்ப்பின் சாரம். ஆவணப்படம் மாதிரியே தெரியவேண்டும் என்று இம்மி இம்மியாகப் பாடுபட்டு எடுத்த படம், ஆவணப்படம் இல்லை என்கிற காரணத்தால் தப்பித்தது. படத்தை அங்கே எடுக்கவும் இல்லை, பூசானில் கைவிடப்பட்ட ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் எடுத்தார்கள். 26 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றது. நிஜ ஆஸ்பத்திரியை அதே 2018-ல் இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

இந்த வகைப் படங்களுக்கும் கோர்ட்டுக்கும் பழைய பந்தம் உண்டு. 1980-ல் 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' எடுத்த இத்தாலிய இயக்குநர் ருஜேரோ தியோதாத்தோ, நடிகர்களை நிஜமாகவே கொன்றுவிட்டார் என்று மாட்டிக்கொண்டு, அவர்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டியதாயிற்று. 1999-ல் 'பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' வந்தபோது நடிகர்கள் காணாமல் போய்விட்டதாகவே பிரசாரம் நடந்தது. சில்லறைக் காசில் எடுத்த அந்தப் படம் 24 கோடி டாலருக்கு மேல் அள்ளியது.

கொரியாவில் 2003-லேயே 'மொக்துகி வீடியோ' என்று ஒரு போலி ஆவணப்படம் இணையத்தில் சுற்றி ஊரைக் கலக்கியது. அதை எடுத்த யூன் ஜுன்-ஹ்யோங் 20 வருஷம் கழித்து, 2023-ல், 'மருயி வீடியோ' எடுத்தார். வழக்குச் சாட்சியமாகப் பூட்டி வைத்த ஒரு வீடியோவைத் தேடிப் போகிறது ஒரு ஆவணப்படக் குழு. முதல் பாதி அருமை, பிற்பாடு சறுக்கல்.

என்னை உலுக்கியது 'தி மீடியம்' (2021). கொரியாவின் நா ஹாங்-ஜின் தயாரித்து, தாய்லாந்தின் பன்ஜோங் பிசந்தனகுன் இயக்கிய கூட்டுத் தயாரிப்பு. வடகிழக்குத் தாய்லாந்தில் பரம்பரையாகச் சாமி இறங்கும் ஒரு குடும்பத்தை ஆவணப்படக்காரர்கள் பின்தொடர்கிறார்கள். சாமியாடும் அத்தை துணி தைக்கிறார், சிரிக்கிறார், சைக்கிள் கடைக்காரர் மாதிரி சாதாரணமாகப் பேசுகிறார். தேனிப் பக்கம் கோடாங்கி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அந்த முதல் ஒரு மணி நேரம் வேற்று நாடாகவே தெரியாது. (கடைசிக் காட்சியைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள்.) எல்லா ரத்தக்களரியும் முடிந்தபிறகு, அந்த அத்தை முன்னால் கொடுத்த பேட்டி வரும். தனக்குள் சாமி இருந்ததா என்று தனக்கே நிச்சயமில்லை என்பார். பேய் எல்லாம் எனக்குப் பொருட்டே இல்லை, அந்த ஒரு வாக்கியத்துக்கு முதுகு சில்லிட்டது.

சரி, நம்மவர்கள் ஏன் இப்படி எடுப்பதில்லை? எடுத்திருக்கிறார்கள். 2011-ல் இந்தியில் 'ராகினி எம்எம்எஸ்', 2013-ல் கன்னடத்தில் '6-5=2'. இங்கே தெலுங்கில் 2015-ல் வந்த 'ராஜு காரி கதி' கிட்டத்தட்ட கொன்ஜியாம் கதைதான், அதுவும் மூன்று வருஷம் முன்னாலேயே. டிவி நிகழ்ச்சிக்காகச் சிலர் பேய் பங்களாவுக்குள் போகிறார்கள். ஆனால் அதைச் சிரிப்புப் படமாக்கிவிட்டார்கள், ஓடவும் ஓடியது. ராகவா லாரன்ஸின் 'முனி' (2007), 'காஞ்சனா' (2011) இரண்டும் இந்தப் பக்கமும் சக்கைப் போடு போட்டவை. ராதிகா தியேட்டரில் காஞ்சனாவைத் தெலுங்கில் பார்த்தபோது, பேய் வரும்போதெல்லாம் விசில்.

இதைப் பற்றி எனக்கு ஒரு தியரி உண்டு. நம்ம பேய்கள் எல்லாம் மனுதாரர்கள். அநியாயமாகச் செத்திருக்கும். இடைவேளைக்கு அப்புறம் இருபது நிமிஷம் ஃப்ளாஷ்பேக் வரும். யார் கொன்றான், எந்த நிலத்துக்காகக் கொன்றான் என்று மனுவில் விவரமாக இருக்கும். நியாயம் கிடைத்ததும் போய்விடும். கொரியப் போலி ஆவணப்படத்தில் ஃப்ளாஷ்பேக்கே வராது. கேமரா போனவன் கையில் இருக்கிறது. அங்கே இருந்தவன் கதையைக் கேட்க அவனுக்கு நேரம் ஏது? அதனால்தான் அது பயமாக இருக்கிறது, நம்மது பயமாக இல்லை. ரொம்ப நாள் நம்ம முறையை நான் மட்டமாகத்தான் நினைத்திருந்தேன்.

மாற்றிக்கொண்டதற்குக் காரணம் என் பையன்தான்.

படம் பார்த்த ஜோரில் மூன்று பேரும் அடுத்த வாரம் குஷாய்குடா பக்கம் போயிருக்கிறார்கள். ஈசிஐஎல் வட்டாரம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் மூடிக்கிடக்கும் சின்னச் சின்ன தொழிற்சாலைகள் நிறைய. அதில் ஒன்றின் கேட்டுக்கு வெளியே நின்று, ராத்திரி ஒன்பது மணிக்கு மொபைலில் எடுத்திருக்கிறார்கள். உடைந்த ஜன்னலுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் ஆடுகிறது. ஒரு நிழல் குனிந்து நிமிர்கிறது. என் வாரிசு கிசுகிசுப்பான குரலில் தெலுங்கில் வர்ணனை கொடுக்கிறான். பின்னணி இசை இல்லை. (கற்றுக்கொண்டிருக்கிறான், படவா.) இணையத்தில் போட்டு, சில ஆயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். நானும் பார்த்தேன். சத்தியமாக நன்றாகத்தான் இருந்தது. சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அது என் தப்பு.

பத்து நாள் கழித்து எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஸ்ரீகாகுளத்துக்காரர், இவருக்குத் தூரத்துச் சொந்தம், அந்த மூடிய கம்பெனிக்குக் காவல். வீடியோவைப் பார்த்துவிட்டுத் தினமும் ராத்திரி பசங்கள் பைக்கில் வருகிறார்களாம். கேட்டைத் தட்டுகிறார்கள், ஊளையிடுகிறார்கள். முந்தின நாள் யாரோ ஜன்னலில் கல் எறிய, கண்ணாடி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த சின்னக் குழந்தையின் பாயில் விழுந்திருக்கிறது. "தெய்யம் காது சார், மா ஆவிட" என்றார். பேய் இல்லை சார், என் வீட்டுக்காரி. (மலையாளத்தில் தெய்யம் என்றால் தெய்வம், தெலுங்கில் பேய். இந்த ஊருக்கு வந்த புதிதில் ரொம்பக் குழம்பியிருக்கிறேன்.) அந்த அம்மா ராத்திரி விறகு அடுப்பில் சோறு வடித்ததைத்தான் என் பையன் படம் எடுத்திருக்கிறான்.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. வீடியோவை அன்றைக்கே எடுத்துவிட்டான். ஆனால் அதற்குள் வேறு யார் யாரோ இறக்கிப் போட்டிருந்தார்கள், அதை என்ன செய்ய? மறுநாள் இரண்டு பேரும் போனோம். கண்ணாடிக்குப் பணம் கொடுத்தேன். பையன் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டபோது அவர் எங்களுக்கு டீ போட வேண்டும் என்றுதான் பரபரத்தார். அதே அடுப்பு.

கொன்ஜியாம் கட்டடக்காரர் கோர்ட்டுக்குப் போனதை அன்றைக்கு நான் வேறு மாதிரிப் புரிந்துகொண்டேன். நீதிமன்றம் சொன்னது சட்டப்படி சரி. கற்பனைக்கு வேலி போட ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும்? தடை கேட்பவர்கள் பக்கம் நான் இல்லை. ஆனால் "இது கற்பனைதான், எல்லாருக்கும் தெரியும்" என்று சொல்வதற்கும், வேலியைத் தாண்டிக் குதிப்பவன் அதை ஒப்புக்கொள்வதற்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. இந்த வகைப் படம் பிழைப்பு நடத்துவதே அந்த இடைவெளியில்தான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஏன் மனநல மருத்துவமனை? பேய்க்கு வீடு தேடும்போது எல்லா ஊர்க்காரர்களும் சொல்லிவைத்த மாதிரி அங்கேதான் போகிறார்கள். சென்னையில் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லவேண்டியதில்லை. அந்த ஆஸ்பத்திரி 1794-லிருந்து இருக்கிறது, ஒரு பேட்டையின் பெயரே வசவாகிவிட்டது. ஹைதராபாத்தில் அதே வேலையை எர்ரகட்டா செய்கிறது. அமீர்பேட்டையில் மெட்ரோ மாறி மியாப்பூர் பக்கம் போகும்போது கவனியுங்கள், "அடுத்த நிலையம் எர்ரகட்டா" என்று அறிவிப்பு வந்ததும் பெட்டிக்குள் யாராவது ஒரு பையன் இன்னொருவனை முழங்கையால் இடித்து "டேய், உன் ஸ்டேஷன்" என்பான். நானே கேட்டிருக்கிறேன், ஒரு தடவை இல்லை.

கொன்ஜியாம் படத்தில் நோயாளிகள் வாயும் கறுத்த கண்ணுமாக வருகிறார்கள். யாருக்கும் பெயர் கிடையாது. காஞ்சனா ஆயிரம் ஓட்டைகள் உள்ள படம்தான். ஆனால் சரத்குமார் நடித்த அந்தத் திருநங்கைக்கு ஒரு பெயர் இருந்தது, தத்தெடுத்த பெண் இருந்தாள், ஆசை இருந்தது. விசில் அடித்த தியேட்டர் அந்த இருபது நிமிஷம் சத்தமில்லாமல் கேட்டது. மனுதாரராகவாவது விட்டார்கள்.

நிஜமான படச்சுருளும் நம்மிடம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் விடிகாலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. அந்தத் தீயை நான் டிவி செய்தியில் பார்த்தேன். இந்த ஊருக்கு வேலைக்கு வந்த வருஷம், சக ஊழியர்களோடு வாடகை அறை, நடுவில் ஒரு சின்ன டிவி. யாரோ சேனலை மாற்றச் சொன்னார்கள். நான் மாற்றவிடவில்லை. ஏன் என்று அப்போது அவர்களுக்குச் சொல்லவில்லை.

என் சித்தப்பா 1987-ல் பதினோரு மாதம் கீழ்ப்பாக்கத்தில் இருந்தார். அப்பாவின் கடைசித் தம்பி. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்து, இந்தச் செர்லபள்ளிக் கம்பெனியில் சர்க்யூட் போர்டைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு ஆதி காரணம் அவர் கடையில் கிளம்பும் ஈய வாசனைதான். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் "பம்பாய்ல வேலைக்குப் போயிருக்கான்" என்றுதான் வீட்டில் சொன்னார்கள். திரும்பி வந்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, கடையைத் திறந்து, 2009 வரை இருந்தார். ஆஸ்பத்திரியைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினார். சாயங்காலம் கேரம் ஆடுவோம், ஒருத்தர் எல்லாரையும் ஜெயிப்பார், அவரைப் பார்க்க மட்டும் யாருமே வரமாட்டார்கள் என்றார். கல்யாணம் காட்சிகளில் அவரைப் பின்கட்டிலேயே வைத்திருப்பார்கள். நாங்கள் எல்லாரும்தான் வைத்திருந்தோம், நான் உட்பட.

குஷாய்குடாவிலிருந்து திரும்பிய அன்றைக்கு ராத்திரி ஒரு பென்டிரைவைத் தேடி எடுத்தேன். 1991-ல் அக்கா கல்யாணத்து வீடியோ கேசட். சில வருஷம் முன்னால் சிகந்திராபாத்தில் ஒரு கடையில் கொடுத்து மாற்றி வைத்தது. மூன்று மணி நேரத்தில் சித்தப்பா பதினோரு நொடிதான் வருகிறார். வீடியோக்காரரின் பெரிய விளக்கு தற்செயலாகப் பின்கட்டுப் பக்கம் திரும்புகிறது, கதவருகில் அவர் நிற்கிறார், கண் கூசி முகத்தைத் திருப்புகிறார், பெரியப்பாவின் கை குறுக்கே வந்து விளக்கை இந்தப் பக்கம் தள்ளுகிறது. அவ்வளவுதான். மங்கலான பிம்பம், கோடு கோடாக ஓடுகிறது. தெரியாதவர்கள் பார்த்தால் பேய்ப்படத்தில் வரும் துண்டு மாதிரியே இருக்கும்.

பையன் பின்னால் வந்து நின்றிருந்தான். "யாருப்பா இது?" என்றான். சொன்னேன், கீழ்ப்பாக்கம் உட்பட எல்லாவற்றையும். என் வீட்டில் அந்த வார்த்தையை அந்த அர்த்தத்தில் சொன்னது அன்றைக்குத்தான். அவன் ஒன்றும் பேசாமல் அந்தத் துண்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். நாலாவது தடவை நிறுத்தி, திரையில் விரலை வைத்தான்.

"கையில என்னப்பா வெச்சிருக்காரு?"

"ஸ்க்ரூ டிரைவர்டா. முகூர்த்த நேரத்துல மைக் செட் ஆம்ப்ளிஃபயர் புட்டுக்கிச்சு. நாதஸ்வரமே கேக்கல. சித்தப்பாதான் பின்னாடி போய் சரி பண்ணிக் குடுத்துட்டு வராரு."